ஊசிவால் தாராக்களுக்குப் பிடித்த சத்தம்

எழுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், எங்கள் திருகோணமலைப் பக்கத்துத் தம்பலகாமக் குடாவுக்கு ஊசிவால் தாராக்களைப் படம் பிடிக்கப் போனேன். மாரியில் குளிர்நாடுகளிலிருந்து வந்து இறங்கும் வாத்தினத்துக் காட்டுத்தாராக்கள் அவை. "உங்கட பக்கம் அது வராது" என்று கொழும்புக் கந்தோரில் என்னோடு வேலை செய்த ஒரு நண்பர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார். நான் கண்ணால் கண்டவன். படத்தை அவர் மேசையில் போடாமல் விடுவதில்லை என்று கிளம்பினேன். பிலிம் குதிரைக்கொம்பாக இருந்த காலம். கமராவில் மிச்சம் ஐந்தே படங்கள்.

துணைக்கு மனைவியின் தம்பி செல்வம். திருகோணமலையில் விடியக்காலை ஐந்தரை மணி பஸ், பன்னிரண்டு மைல், பிறகு 'பாதை' என்று எல்லோரும் சொல்லும் மிதவையில் கிண்ணியாவுக்கு. அங்கே காசிம் நானாவின் தோணி, அரை நாளுக்குப் பத்து ரூபாய்.

ஒருவரும் கதைக்கக்கூடாது என்று கட்டளை போட்டேன். நானா கம்பு ஊன்றுவதுகூடக் கேட்கவில்லை. ஆனாலும் இருநூறு கஜ தூரத்திலேயே தாராக்கள் எழும்பிவிட்டன. திரும்பத் திரும்ப இதே கதைதான். இரண்டு படங்கள் வீண்.

பசி வந்தது. சாப்பாட்டுப் பார்சலைக் காணவில்லை.

"பஸ்ஸில விட்டிட்டு வந்தனியோ?" என்று செல்வத்திடம் பாய்ந்தேன்.

"நானோ? அத்தான், நீங்கள்தானே மடியில வச்சிருந்தனீங்கள்."

குரல்கள் ஏறின. நானா தலையிடாமல் தோணியைச் செலுத்திக்கொண்டே இருந்தார். பிறகு, "முன்னால பாருங்க" என்றார். முப்பது கஜத்தில் தாராக்கள் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. நான் வாயை மூடிக் கமராவைத் தூக்கியதும் கழுத்துகள் நிமிர்ந்தன.

எனக்கு விளங்கிவிட்டது. துவக்கோடு வேட்டைக்கு வருகிறவன்தான் சத்தமில்லாமல் வருவான். இறால் பிடிக்கிறவர்கள் தோணிக்குத் தோணி உரத்துக் கதைத்தபடி போவார்கள்.

"நிப்பாட்டாத. ஏசு" என்றேன்.

செல்வம் சோற்றைப் பற்றி ஏசினான், என் அவசரத்தைப் பற்றி ஏசினான். தாராக்கள் மறுபடி தலையைத் தண்ணீருக்குள் விட்டன. சரக்குத் தீர்ந்ததும் சற்றுத் தடுமாறிவிட்டு, இன்னும் உரத்துச் சொன்னான்:

"அக்காவ ஒரு நாளெண்டாலும் இப்பிடிக் கூட்டிக்கொண்டு வந்தனீங்களோ? அவ குசினிக்குள்ளயே கிடக்கிறா."

சுருக்கென்றது. பொத்தானை அழுத்தினேன். ஆண் தாரா, நீண்ட வால், அலகில் ஒரு சொட்டு நீர். மூன்றில் அதுதான் நல்ல படம். மேசையில் போட்டதும் நண்பர் தேநீர் வாங்கித் தந்தார்.

போக விரும்புகிறவர்களுக்கு: கார்த்திகை முதல் மாசி வரை நல்ல காலம். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கட்டும். இப்போது கிண்ணியாவுக்குப் பாலம் இருக்கிறது. சாப்பாட்டுப் பார்சலைத் தோளில் மாட்டுங்கள். கதைக்கிற ஆளாகப் பார்த்துக் கூட்டிப் போங்கள்.

அடுத்த தையில் நான் மனைவியோடு போனேன். தோணி நகர்ந்ததும், "சத்தமா ஏதாவது கதை" என்றேன்.

"பதினொரு வருஷக் கதை இருக்குது" என்றாள்.

அன்று கரைக்குத் திரும்பும்வரை ஒரு தாராவும் பறக்கவில்லை.