முழங்காலில் ஒரு நாயனம்

ஆலங்குடி பஸ்ஸில் ஏறினால் சேவுகன் உட்கார இடம் தேடமாட்டார். நேரே முன்னால் போய், டிரைவருக்குப் பக்கத்தில் இருக்கும் என்ஜின் மூடிமேல் துண்டைப் போட்டு, அதன்மேல் இடது கையை வைத்துக்கொண்டு நின்றுவிடுவார். புதிய டிரைவர் யாராவது, "சுடும்ண்ணே, கைய எடுங்க" என்று சொன்னால் அவருக்குக் கேட்காது. பழைய டிரைவர்கள் சொல்வதில்லை. மேட்டில் ஏறும்போது என்ஜின் முக்கும். சேவுகனின் வலது கை விரல்கள் மேல்கம்பியில் தாளம் போடும். நெரிசலில் நசுங்கும் எங்களுக்கெல்லாம் எரிச்சல். அவர் முகத்தில் மட்டும் கச்சேரி கேட்கிற களை இருக்கும்.

சேவுகன் தவில்காரர். கல்யாணமான புதிதில் வந்த விஷக் காய்ச்சல் உயிரை விட்டுவிட்டுக் காது இரண்டையும் கொண்டுபோய்விட்டது. பக்கத்தில் இடி விழுந்தாலும் தெரியாது. ஆனால் பஞ்சாயத்து ரேடியோவில் கச்சேரி வைத்தால் முதல் ஆளாக வந்து நிற்பார். பெட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "மிருதங்கம் இன்னிக்கு நல்லாப் பேசுது" என்பார். தன் குரல் தனக்குக் கேட்காததால் மெல்லப் பேச வராது. அவர் ரசிப்பது மூன்று தெரு தள்ளிக் கேட்கும். ரேடியோ போடும் குமாஸ்தாவுக்கு அவரைக் கண்டாலே பயம்.

வீட்டில் அவர் மனைவி மருதாயி கத்துவதே கிடையாது. உலக்கையால் தரையில் ஒரு குத்து விட்டால், எங்கே உட்கார்ந்திருந்தாலும் சேவுகன் எழுந்து சாப்பிட வந்துவிடுவார். "அடுத்தடுத்துக் குத்துனா கோவமா இருக்கேன்னு அர்த்தம். அப்ப மட்டும் இந்த மனுசனுக்குக் கால் மரத்துப் போயிரும்" என்பது மருதாயியின் புகார்.

மருதாயியின் அண்ணன் ரத்தினவேல்தான் நாயனம். இரண்டு பேரும் தொடையோடு தொடை இடிக்க உட்காருவார்கள். நாயனத்தின் நுனியில் விரிந்திருக்கும் அணசை ரத்தினவேல் சேவுகனின் முழங்கால்மேல் வைத்துக்கொண்டு ஊதுவார். தெரியாதவர்கள் அது ஏதோ மச்சான் மாப்பிள்ளை விளையாட்டு என்று நினைத்துக்கொள்வார்கள். ராகம் ஏறுவதும் இறங்குவதும் ஓரிடத்தில் நின்று குழைவதும் மரத்தின் வழியாக எலும்புக்குப் போய்விடும். "மச்சான் மூச்சு வாங்குறதுகூட முட்டியில தெரியும்" என்பார் சேவுகன். தாலி கட்டும் நேரத்தில் 'கெட்டிமேளம்' என்ற கூப்பாடு எழுந்ததும் ரத்தினவேல் அணசை முழங்காலிலிருந்து தூக்குவார். அதுதான் சைகை. அடுத்த கணம் தவில் முழங்கும்.

போன தை மாதம் ஆலங்குடியில் கடலை மண்டி வைத்திருக்கும் உடையப்பன் தன் மகள் செவந்தியின் கல்யாணத்துக்கு இந்த மேளத்தைத்தான் பேசியிருந்தார். பேசின பிறகு யாரோ காதில் போட்டுவிட்டார்கள். மனிதர் ரத்தினவேலைக் கூப்பிட்டுவிட்டார்.

"அந்த ஆளு டமாரச் செவிடாமே? கெட்டிமேளம் முன்னப் பின்ன ஆச்சுன்னா அபசகுனம்னுல்ல பேசுவாங்க? வேற தவிலக் கூட்டியாங்க."

"எங்க மாப்ள வரலேன்னா நானும் வரலீங்க."

தை முகூர்த்தத்தில் வேறு மேளத்துக்கு எங்கே போவது? உடையப்பன் இறங்கி வந்தார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "நானே அவரு பின்னால நிக்கிறேன். தாலி கட்டுறப்பத் தோளத் தட்டுவேன். தட்டுனா அடிக்கச் சொல்லுங்க."

ரத்தினவேல் இதைக் கையாலும் உதட்டாலும் சேவுகனுக்குச் சொன்னார். சொல்லாமல் விட்டதும் சேவுகனுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணத்தன்று காலையில், தவில் அடிக்கும் விரல்களில் கூடுகளை மாட்டிக்கொண்டே மச்சானிடம் ரகசியம் சொன்னார்: "இன்னிக்குத் தப்புச்சுன்னா இனிமே கழியத் தொடமாட்டேன் மச்சான். ஒங்க பொழப்பையும் சேத்து நான் ஏன் கெடுக்கணும்?" அந்த ரகசியம் பந்தல் முழுக்கக் கேட்டது. மாப்பிள்ளை வீட்டு விருந்தாளியாகப் போயிருந்த எனக்கும் கேட்டது. உடையப்பன் தோளில் சரியாகவே இருந்த துண்டை எடுத்து மறுபடியும் சரிசெய்துகொண்டார்.

முகூர்த்த நேரம் நெருங்கியது. பெண்கள் எழுந்து மணவறையைச் சூழ்ந்துகொண்டார்கள். சேவுகனுக்குத் தெரிந்ததெல்லாம் சேலைக் கொசுவங்கள்தான். மகளைத் தாரை வார்த்துக் கொடுத்த ஈரக் கையோடு உடையப்பன் வந்து அவர் பின்னால் நின்றார். தாலி இருந்த தட்டு ஆசி வாங்குவதற்காகச் சபைக்குள் வந்துகொண்டிருந்தது. அது என் வரிசைக்கு வந்து, நான் தாலியைத் தொட்டுக் கும்பிட்டு நிமிர்கிற நேரம், செவந்தி கூரைப்புடவை கட்டிக்கொண்டு மணவறைக்குத் திரும்பி வந்தாள். வந்தவள் அப்பாவைத் தேடிப் பார்த்தாள்.

உடையப்பனின் கை சேவுகனின் தோளைப் பிடித்தது.

போச்சு என்று நினைத்தேன். தாலி இன்னும் ஊர்க்காரர்கள் கையில் இருக்கிறது. இப்போது கெட்டிமேளம் கொட்டினால் மானம் போகும், இந்த மனிதனின் பிழைப்பும் போகும். சேவுகனின் கழி மேலே போனது. மேலேயே நின்றது. பிறகு மெதுவாகத் தவிலின் இடது பக்கத் தொப்பிக்கு இறங்கி, நாயனத்தின் பின்னால் பழையபடி நடக்க ஆரம்பித்தது. அணசு முழங்காலை விட்டு நகரவில்லை. தோளிலிருந்த கையும் நகரவில்லை.

தட்டு மணவறைக்குப் போயிற்று. "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" அணசு எழுந்தது. தவில் முழங்கிய முழக்கத்தில் பந்தல் தோரணங்கள் ஆடின. தட்டுவதாகச் சொன்ன உடையப்பன் எல்லாவற்றையும் மறந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு நின்றார். ரத்தினவேலுக்கும் கண் கலங்கியிருந்தது. நாயனம் ஊதுகிறவருக்கு அதைத் துடைக்கக் கை ஏது?

பந்தி நடக்கும்போது சேவுகன் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தோளைப் பிடித்தபோது ஏன் அடிக்கவில்லை என்று கையைக் காலை ஆட்டிக் கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அடிக்கச் சொல்ற கை தட்டும்ங்க. இது புடிச்சுக்கிருச்சு. வெடவெடன்னு நடுங்குச்சு. பெத்தவருல்ல, பாவம். புடிச்சுக்கிட்டு நிக்கட்டும்னு தோளக் குடுத்துட்டுப் பேசாம இருந்துட்டேன்."

இதுவும் பந்தி முழுக்கக் கேட்டிருக்கும். பரிமாறுகிறவர்களை விரட்டிக்கொண்டிருந்த உடையப்பன் திரும்பினார். வெற்றிலைத் தட்டோடு எங்களிடம் வந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். யாரிடம் சொல்கிறோம் என்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, வாயை மூடிக்கொண்டு தட்டைக் கீழே வைத்தார். குனிந்து சேவுகனின் தோளில் கையை வைத்து, இந்தத் தடவை நன்றாகவே தட்டினார்.

சேவுகன் அவரை நிமிர்ந்து பார்த்தார். ஓரமாக வைத்திருந்த தவிலை மடிக்கு இழுத்துக் கழியை எடுத்தார். எடுத்த எடுப்பில் முழுக் கெட்டிமேளம். பாயசத்துக்குக் கை நீட்டியிருந்தவர்கள் அத்தனை பேரும் திடுக்கிட்டு மணவறைப் பக்கம் திரும்பினார்கள்.