குமெர்சிந்தோ என்றால் பலசாலி

தொமித்திலாவுக்கு மகன் பிறந்தபோது, அவளை ஒரு வார்த்தை கேட்காமல் மாமனார் பதிவு அலுவலகத்துக்குப் போய்த் தன் பெயரையே எழுதிவிட்டு வந்தார்: குமெர்சிந்தோ. அவருடைய அப்பாவுக்கும் அதே பெயர்தான். தையல் வலியோடு படுத்திருந்தவளுக்குச் சேதி மட்டும் வந்தது. முப்பத்தெட்டு வருடமாகியும் அந்தக் கோபம் ஆறவில்லை.

பலென்சியா நகர முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் பராமரிப்பு வேலை பார்த்தாள். ஓய்வு பெற்ற கையோடு மாமனார் பக்கவாதத்தில் விழுந்தார். இரண்டு மணிக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைப்பது அவள்தான். நான்கு வருடத்தில் ஒரு படுக்கைப் புண் கிடையாது.

வீட்டில் அந்த மகனைச் சிந்தோ என்றுதான் கூப்பிடுவார்கள். இப்போது அவனுக்கும் மருமகள் நூரியாவுக்கும் ஆண் குழந்தை. பிறந்து எட்டு நாள். பத்து நாளுக்குள் பதிய வேண்டும். மாட்ரிட்டிலிருந்து நாத்தனார் கொன்சுவெலோ வந்து இறங்கினாள்.

"குமெர்சிந்தோன்னுதான் வைக்கணும். ஸ்பெயினை ஆண்ட கோத்து ராஜாக்கள் காலத்துப் பேரு அண்ணி! 'குமா'ன்னா ஆம்பளை, 'சிந்த்'னா பலம். பலசாலி ஆம்பளை! இதை விடலாமா?"

"பலசாலியா? வா, உங்கப்பா இடுப்பைப் பிடி. புரட்டணும்."

"ஐயோ, எனக்கு முதுகு பிடிச்சிருக்கு."

"என் முதுகு என்ன இரும்பா?"

தனி ஆளாகவே புரட்டிவிட்டுக் கூடத்துக்கு வந்தால், சிந்தோ விண்ணப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தான். பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது.

"நூரியாகிட்ட கேட்டியாடா?"

"தூங்குறாம்மா. அத்தை சொல்றதும் சரிதானே..."

தொமித்திலா காகிதத்தை வெடுக்கென்று பிடுங்கினாள்.

"குடும்பப் பேரு அண்ணி!" என்று கொன்சுவெலோ கத்தினாள்.

"பெத்தது குடும்பமா, அவளா? வாயை மூடு."

உள்ளே போய் மருமகளை எழுப்பி, காகிதத்தையும் பேனாவையும் மடியில் போட்டாள். "உனக்குப் பிடிச்சதை எழுது. எங்க ஒருத்தர் மூஞ்சியையும் பார்க்காதே." கதவைச் சாத்தி, வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். கொன்சுவெலோ அழுதாள், சாபம் விட்டாள், கடைசியில் காபி போடப் போனாள். தொமித்திலா அசையவில்லை.

கதவு திறந்தது. நூரியா காகிதத்தை நீட்டினாள். புரூனோ.

அந்தத் தெருவிலேயே இரண்டு நாய்களுக்கு அந்தப் பெயர். தொமித்திலாவுக்குத் துளியும் பிடிக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு," என்றாள். காகிதத்தை மகன் நெஞ்சில் வைத்து அழுத்தினாள். "ரெண்டு மணிக்கு ஆபீஸ் மூடிருவாங்க. கிளம்பு."