இறக்கம் பார்த்து நிறுத்திய கார்

என் பழைய சின்னக் காரை யாராவது இளக்காரமாகப் பேசினால் இன்றும் எனக்குப் பொறுக்காது. அதில் ஏசி கிடையாது, கண்ணாடியைக் கையால் சுற்றித்தான் இறக்க வேண்டும். ஆனால் மகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோனதும் பிறகு அவளுக்கு ஓட்டப் பழக்கியதும் அதில்தான். கடைசிக் காலத்தில் சாவியைத் திருப்பினால் ஸ்டார்ட் ஆகாது. ஆகாவிட்டால் என்ன? கண்டியில் இறக்கத்துக்கா பஞ்சம்? எங்கே போனாலும் இறக்கம் பார்த்து நிறுத்துவேன். உருளவிட்டு, இரண்டாம் கியரில் கிளட்சை விட்டால் உயிர் வந்துவிடும்.

மாப்பிள்ளை வீட்டார் மகளைப் பெண் பார்க்க வந்த அன்று என் காக்கா, அதாவது என் அண்ணன், "அவங்க வாற நேரத்துல இத பின் ஒழுங்கையில போடு தங்கச்சி, மானம் போகுது" என்றார். வீட்டுக்குப் பின்னால் உள்ள அந்தச் சந்து சமதரை; அங்கே விட்டால் ஸ்டார்ட் ஆகாது. நான் கேட்கவில்லை. வாசலிலேயே பள்ளத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

வந்தவர்களின் பெரிய ஜீப் என் காருக்குப் பின்னால் மேட்டில் நின்றது. பாதையோ ஒடுக்கம். அவர்கள் புறப்பட வேண்டுமென்றால் முதலில் நான் எடுக்க வேண்டும். எல்லோரும் பார்த்திருக்க, ஹேண்ட் பிரேக்கை விட்டேன். கார் சத்தமில்லாமல் உருண்டது. வளைவில் ஒரு குலுக்குக் குலுக்கி, புகையைக் கக்கிக்கொண்டு ஸ்டார்ட் ஆனது.

ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பி வந்தபோது அவர்கள் போயிருந்தார்கள். காக்கா மட்டும் வாசலில் நின்றார்.

"என்ன நெனச்சிருப்பாங்க?"

"என்னத்தயும் நெனைக்கட்டும். அடுத்த கிழமை அவங்க ஊட்டுக்கும் இதுலதான் போவேன். வாசல் எறக்கமாண்டு மட்டும் கேட்டு வைங்க" என்றேன்.