முதலாளியின் வெள்ளைத் திரை

வவுனியாவில் நான் வேலை செய்த ஸ்டூடியோவில், கணினித் திரைக்குக் கீழே இருந்த பொத்தான்களின் மேல், புண்ணுக்கு ஒட்டும் பிளாஸ்டரை முதலாளி நீளமாக ஒட்டி வைத்திருந்தார். ஒருவரும் தொடக் கூடாதாம். வெளிச்சத்தை உச்சத்தில் வைத்து, நீலத்தையும் கூட்டிவிட்டு, வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பவர்களுக்குத் திரையைத் திருப்பிக் காட்டுவார். தங்கள் முகம் அவ்வளவு வெள்ளையாகத் தெரிவதைக் கண்டு சனம் மயங்கிப்போகும். அந்தத் திரையை நம்பி நிறம் திருத்துவதால், அச்சாகி வரும் படமோ மஞ்சள் பாய்ந்து, இருண்டு கிடக்கும். கேட்டால் மை சரியில்லை, கடதாசி சரியில்லை, கரண்ட் சரியில்லை. திரையில் மட்டும் ஒரு பிழையும் இல்லை! இத்தனை வருடம் கழிந்தும் அந்த மனிதரை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டுதான் வருகிறது.

இரண்டாயிரத்தோராம் ஆண்டு, முள்ளிவாய்க்காலிலிருந்து இடம்பெயர்ந்து முகாமில் இருந்த ஓர் அக்கா எங்களிடம் வந்தார். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. மிஞ்சியது அடையாள அட்டைக்கு எடுத்த சின்னக் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றுதான். அதைப் பெரிதாக்கி, நிறமும் கொடுத்துத் தரச் சொன்னார். தகப்பன் போகும்போது மகள் கைக்குழந்தை. இப்போது ஐந்து வயது.

"அப்பா சாம்பல் நிறமோ எண்டு கேக்குது தங்கச்சி. அவர் என்ன நிறமெண்டு பிள்ளைக்குத் தெரிய வேணும்" என்றார்.

முகாமிலிருந்து வெளியே வர ஒவ்வொரு முறையும் பாஸ் வேண்டும். அதற்குக் கெஞ்சிக் கூத்தாட வேண்டும். முதல் முறை வந்தவருக்கு முதலாளி கொடுத்த படத்தில் முகம் சேறாக இருந்தது. அதைச் சரிசெய்கிறேன் என்று முகத்தை வெளுவெளுவென்று வெளுக்கவைத்து, அடுத்த முறை சுண்ணாம்பு பூசிய ஓர் ஆளைக் கொடுத்தார்.

"இது ஆர்? கந்தோரில நிழலுக்க இருந்து எழுதுறவன் மாதிரிக் கிடக்கு. என்ர மனுசன் வெயிலில கறுத்தவர்" என்றார் அக்கா.

முதலாளி சிரித்தார். "செத்தாப் பிறகாவது வெள்ளையா இருக்கட்டுமன்."

அக்கா படத்தை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார். நான் அந்தச் சொல்லை இன்றுவரை மன்னிக்கவில்லை. மன்னிக்கப் போவதுமில்லை.

மூன்றாம் முறை அக்கா பிள்ளையோடு வந்தார். இனிப் பாஸ் தர மாட்டோம் என்று முகாமில் சொல்லிவிட்டார்களாம். பின்னேரத்துக்குள் திரும்ப வேண்டும். முதலாளி சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார். நான் பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்தேன்.

அக்காவின் கையை ஸ்கேனர் கண்ணாடியில் வைக்கச் சொன்னேன். வந்த படத்தில் ஒரு மாற்றமும் செய்யாமல் அச்செடுத்து, வாசல் வெளிச்சத்தில் அவர் கையோடு சேர்த்துப் பிடித்தோம். அச்சு ஏறக்குறையச் சரி. பொய் சொன்னது திரைதான்! திரையில் தெரிந்த கை அந்த அச்சைப்போல வரும்வரை பொத்தான்களை அழுத்தி வெளிச்சத்தையும் நீலத்தையும் இறக்கினேன். இன்று இந்த வேலைக்கு என் மேசையில் ஒரு கருவி இருக்கிறது. திரையில் பொருத்திவிட்டால் தானே அளந்து சொல்லும். அன்று அந்தக் கைதான் இருந்தது. திரை சரிவந்த பிறகு கணவரின் முகத்துக்கு நிறம் போடத் தொடங்கினேன்.

"அவர் உங்களை விடக் கறுப்போ அக்கா?"

"ஓம், நல்ல கறுப்பு. பக்கத்தில நிண்டா நான் வெள்ளைக்காரி" என்று அக்கா சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் கண்டேன்.

படம் அச்சாகி வெளியே வரவும் முதலாளி உள்ளே வரவும் சரியாக இருந்தது.

"ஆரைக் கேட்டு இதில கை வைச்சனி?"

"ஒருத்தரையும் கேக்கேல்லை. உங்கட திரைதான் பிழை. மூண்டு தரம் இந்த மனிசியை அலைக்கழிச்சது அதுதான்" என்று நானும் கத்தினேன்.

அவர் படத்தைப் பறித்துப் பார்த்தார். "இந்தக் கறுப்பில என்ர கடைப் பேர் இருந்தால் ஆர் இனி இஞ்ச வருவினம்?" கத்தரிக்கோலை எடுத்து, கீழே கடைப் பெயர் இருந்த துண்டை வெட்டி எறிந்தார்.

"வடிவா வெட்டுங்கோ அண்ணை" என்றார் அக்கா. "அவரின்ர படத்தில உங்கட பேர் என்னத்துக்கு?"

படத்தை வாங்கி மகளிடம் கொடுத்தார். பிள்ளை அதை இரண்டு கையாலும் பிடித்து நெடுநேரம் பார்த்தது. பிறகு முதலாளியை நிமிர்ந்து பார்த்து, பெரிய சந்தோசத்தோடு சொன்னது:

"எங்கட அப்பாவும் உங்களை மாதிரிக் கறுப்பு!"