கறுப்பியின் காலில் சிவப்பு ரிப்பன்

அவளுக்குப் பட்டம் கொடுத்தது கால்நடை மருத்துவக் கல்லூரி. ‘ரிப்பன் டாக்டர்’ என்று பெயர் வைத்தது ஊர். பட்டத்தைச் சுவரில் மாட்டிவிட்டு, ஊர் வைத்த பெயரோடுதான் காலம் தள்ளினாள்.

பெயருக்குக் காரணம் இருந்தது. நோய்க்கு ஊசி போட்டால் அந்த மருந்து மாட்டின் பாலிலும் இறங்கும். சில நாட்களுக்கு அந்தப் பாலை விற்கக் கூடாது என்பது சட்டம். சட்டத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டா ஒருவர் கறக்க உட்காருவார்? அதனால் ஊசி போட்ட கையோடு மாட்டின் பின்னங்காலில் ஒரு சிவப்பு ரிப்பனைக் கட்டிவிடுவாள். கறக்க உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே அதுதான் நிற்கும். அந்த மாட்டின் பால் நேராகச் சாக்கடைக்கு. ரிப்பனை அவிழ்க்கும் உரிமை அவள் ஒருத்திக்குத்தான்.

அவளுடைய மருத்துவமனை என்பது, அக்கா கணவரின் பால் பண்ணை வாசலில் இருந்த ஓர் அறை. அத்தான் சும்மாதான் கொடுத்திருந்தார். “என் மச்சினி டாக்டர்” என்று போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வார். நல்ல மனிதர்தான், லாபத்தில் யாரும் கை வைக்காதவரை. காலையில் பால் எடுக்க வரும் லாரிக்காரர், “எல்லாம் சரிதானே டாக்டர்?” என்று கேட்பார். அவள் “சரி” என்ற பிறகுதான் பண்ணையின் பால் டேங்கில் குழாயை மாட்டுவார்.

அன்று கொட்டகைக்குள் நுழைந்தபோது ரிப்பன் இருந்தது, மாடுதான் மாறியிருந்தது. மடிநோய்க்கு அவள் ஊசி போட்டது வெள்ளைநெற்றிக்கு. ரிப்பனோ மூலையில் அசைபோட்டுக்கொண்டிருந்த கறுப்பியின் காலில். கறுப்பி நிறைசினை, பால் வற்றிப் பல வாரம் ஆகிறது. பாலே தராத மாட்டிடம் பால் கறக்காதே என்று எச்சரிக்க ஒரு ரிப்பன்! அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே கோபமும் வந்தது.

“இது யார் பார்த்த வேலை?”

கறவைக்காரர் தலையைச் சொறிந்தார். “முதலாளிதாம்மா மாத்திக் கட்டச் சொன்னாரு. டாக்டர் எட்டிப் பார்த்தா ஒரு ரிப்பன் தெரியணும், அவ்வளவுதான்னாரு.”

“வெள்ளைநெத்தி பால் எங்கே?”

அவர் டேங்கைப் பார்த்தார். அதற்குள் அத்தான் வந்துவிட்டார்.

“இவ்வளவு பெரிய டேங்க்ல ஒரு மாட்டுப் பால் என்னம்மா பண்ணிடும்?”

“அந்த மருந்து ஒத்துக்காதவங்க இருக்காங்க அத்தான். யாரோ ஒரு குழந்தை குடிச்சிட்டு மூச்சு திணறினா, அது யார் வீட்டுக் குழந்தைன்னுகூட நமக்குத் தெரியாது. மொத்தத்தையும் கொட்டணும்.”

“உனக்கென்ன பைத்தியமா?”

வெளியே லாரி வந்து நின்றது. சத்தம் கேட்டு ஓடிவந்த அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். “இன்னிக்கு ஒரு நாள் சரின்னு சொல்லேன்டி. வாயில இருந்து முத்தா உதிர்ந்துடும்?”

அக்கா பிடியை விடவில்லை. பெற்றவர்கள் போனபின் அவளைப் படிக்க வைத்த கை அது. லாரிக்காரர் குழாயோடு வந்து வழக்கம்போலக் கேட்டார்: “எல்லாம் சரிதானே டாக்டர்?”

“சரியில்லை. மருந்துப் பால் கலந்திருக்கு. ஒரு சொட்டுகூட எடுக்காதீங்க.”

லாரிக்காரர் அத்தானைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், குழாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார். வாங்க ஆளில்லாமல் டேங்க் பால் முழுவதும் சாக்கடையில் வெள்ளையாக ஓடியது. பின்னாலேயே அவளுடைய மேசை, நாற்காலி, மருந்துப் பெட்டி எல்லாம் தெருவுக்கு வந்தன. “இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே” என்றார் அத்தான். அக்கா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுதான் அவளுக்கு அதிகம் வலித்தது.

எதிர்ச்சாரி மரத்தடியில் மேசையைப் போட்டாள். முதலில் ஒரு பூனை வந்தது, பிறகு நொண்டும் ஆடு ஒன்று. சாயங்காலம் கறவை நேரத்துக்கு, பையைத் தூக்கிக்கொண்டு நேராகப் பண்ணைக் கதவைத் தட்டினாள்.

அத்தான் மறித்து நின்றார். “எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு வந்தே?”

“டாக்டர் மூஞ்சியை வச்சுக்கிட்டுதான். சண்டை நமக்குள்ள. வெள்ளைநெத்திக்கு இன்னும் ஊசி பாக்கியிருக்கு. பாதியில விட்டா மடி போயிடும். வேற டாக்டரைக் கூப்பிட்டிருந்தா சொல்லுங்க, திரும்பிப் போறேன்.”

அவர் கூப்பிட்டிருக்கவில்லை. அக்கா பின்னாலிருந்து வந்து, கணவரின் முகத்தைப் பார்க்காமலே தாழ்ப்பாளைத் திறந்தாள்.

அவள் ஊசி போட்டாள். கறுப்பியின் காலிலிருந்த ரிப்பனை அவிழ்த்து, வெள்ளைநெற்றியின் காலில் இறுக்கி முடிச்சுப் போட்டாள். நிமிர்ந்தபோது அத்தான் இன்னும் முறைத்துக்கொண்டுதான் நின்றார்.

“காலையில லாரிக்காரர் கேட்பார் அத்தான். அதுக்கு முன்னாடி ஊசி போட வருவேன், அப்போ இந்த ரிப்பன் இதே கால்ல இருந்தா சரின்னு சொல்லுவேன். இல்லேன்னா இல்லைன்னுதான் சொல்லுவேன். என்னைத் தெருவுல தள்ளிட்டீங்க, சரி. தெருவுல நின்னு சொன்னாலும் அவர் காதுல விழும்.”