பச்சைச் சுவரில் ஒரு கறை

தேனியில் என் வீட்டு அடுப்புமேடைப் பிசுக்கு கடையில் வாங்கிய எந்த லிக்விடுக்கும் அசையவில்லை. வடிகஞ்சியில் சீயக்காய்த்தூளைக் குழைத்துத் தேய்த்தேன், போய்விட்டது. ஆனால் அந்த வாசம் வந்ததும் என் கை நின்றுவிட்டது.

சின்னமனூர் வீட்டில், பச்சைப் பெயிண்ட் அடித்த சுவரில், தலையளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை இருந்தது. தோட்டத்திலிருந்து வந்ததும் அப்பா அங்கேதான் சாய்ந்து உட்காருவார். அவர் இறந்த வருசம், பொங்கலுக்கு முன்னால் அம்மா பாத்திரங்களை எடுத்துக்கொண்டு வாய்க்காலுக்குப் போயிருந்தாள். தலை எண்ணெயைப் போக்குகிற சீயக்காய் சுவர் எண்ணெயைப் போக்காதா என்று எனக்குத் தோன்றியது. பத்து வயசுப் புத்தி. கை வலிக்கத் தேய்த்தேன்.

அம்மா வந்து ஈரச் சுவரைத் தடவினாள்.

"நாந்தாம்மா தேச்சேன். நல்லாருக்கா?"

"நல்லாருக்கு ஆத்தா. உங்கப்பா அங்கனதான சாய்வாக."

அவ்வளவுதான் சொன்னாள். இரண்டு அடி அடித்திருக்கலாம்.

பொங்கலன்று அம்மா தலை வழிய எண்ணெய் தேய்த்துக்கொண்டு அதே இடத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். எழுந்ததும் திரும்பிச் சுவரைப் பார்த்தாள். புதுக் கறை விழுந்திருந்தது. அப்பாவின் கறை இருந்த இடத்துக்கு ஒரு சாண் கீழே.