தறி நின்ற ஒரு மணி நேரம்

தனப்பிரியா, வயது இருபத்துமூன்று, வணிகவியல் பட்டதாரி. ஊர் இளம்பிள்ளை. தந்தை கந்தவேல், விசைத்தறி நெசவாளர். தேர்வு நாள்: 13 மார்ச் 2025, வியாழன், காலை பத்து மணி.

தரவுப் பகுப்பாய்வு குறித்த அந்த இணையவழிப் பாடத்தை ஒரு வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் இலவசமாக நடத்தியது. பாடங்கள் தரமானவை, அதை மறுப்பது நேர்மையாகாது. தறிக்கு நூல் சுற்றிக்கொண்டே காதொலிக்கருவியில் அவள் அவற்றைக் கேட்டு முடித்தாள். திங்கட்கிழமைக்குள் சான்றிதழைக் காட்டினால் வேலை தருவதாகச் சேலத்தில் ஒரு நிறுவனம் கூறியிருந்தது.

தேர்வுக்கு ஒரே வாய்ப்பு. தேர்வரை அவரது கேமராவும் மைக்கும் வழியே ஒரு மென்பொருள் கண்காணிக்கும். பொது இடத்தில் அமரக் கூடாது. ஒத்திகையின்போது தறியோசையை அது அந்நியக் குரல் என்று பதிவு செய்தது. ஆகவே தேர்வு நேரத்தில் தறிகளை நிறுத்தும்படி தனப்பிரியா வீதி முழுவதும் சென்று கேட்டாள்.

“ஏஞ் சாமி, படிக்கறது நீயி, சும்மா நிக்கறது எங்க தறியா?” என்றார் பக்கத்து வீட்டு நல்லம்மாள்.

“ஒரு மணி நேரந்தானுங்க அத்தை. தறிச் சத்தம் கேட்டா, பக்கத்துல யாரோ விடை சொல்லித் தர்றாங்கன்னு நினைச்சுக்குதுங்க.”

“இத்தன வருசமா ஓடுது, எனக்கு ஒண்ணுஞ் சொல்லித் தரலியே. சரி, நிறுத்தித் தொலைக்கறேன் போ.”

குறித்த நாளில், மின்சாரம் இருந்தும் வீதியின் தறிகள் அனைத்தும் நின்றன. இளம்பிள்ளையில் அதற்குப் பொருள் ஒன்றே: அவ்வீதியில் ஒருவர் இறந்துவிட்டார். அடுத்த வீதியில் வசிக்கும் பெரியம்மா முத்தாயம்மாளிடம் தேர்வைப் பற்றிச் சொல்ல எவருக்கும் தோன்றவில்லை. கந்தவேல் நெஞ்சுவலிக்காரர் என்பது அவருக்குத் தெரியும். அழுதபடி ஓடிவந்து, தேர்வெழுதிக்கொண்டிருந்தவளைக் கட்டிக்கொண்டார்.

“உங்கப்பன் போயிட்டானா கண்ணு?”

கேமராவில் படாமல் தறியருகே நின்ற கந்தவேல், “இங்கதானுங்க இருக்கறேன்,” என்றார்.

திரையில் ஒரு வரி தோன்றியது: அறையில் இரண்டாவது நபர், தேர்வு ரத்து.

நடந்ததை விளக்கி அவள் மேல்முறையீடு எழுதினாள். ஒரு நிமிடத்திற்குள் இயந்திரம் பதில் அனுப்பியது: தேர்வர்கள் அமைதியான தனி அறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும், முடிவில் மாற்றமில்லை. மறுபடியும் எழுதினாள். எழுத்து மாறாமல் அதே பதில்.

உலகின் எந்த மூலையிலிருந்தும் கற்கலாம் என்று தங்கள் முகப்பில் பொறித்தவர்கள் இவர்கள். கதவு போட்ட தனி அறை மட்டுமே இவர்கள் கணக்கில் மூலை. தறியும் அடுப்பும் படுக்கையும் ஒரே கூரையின் கீழ் இருக்கும் வீட்டை இவர்கள் கற்பனைகூடச் செய்ததில்லை. ஒரு வீதியே பிழைப்பை நிறுத்திக் கொடுத்த அமைதியை ஏற்காமல், அழுதுகொண்டு வந்த ஒரு பெண்ணை மோசடிக்குத் துணை என்று எழுதிவைக்கிறார்கள். கேட்க ஒரு மனிதரையும் வைக்கவில்லை. கற்பித்தல் இலவசமாம், கற்றாள் என்று ஒப்புக்கொள்ள மட்டும் மனம் வரவில்லை.

திங்கட்கிழமை அந்த வேலை வேறொருவருக்குப் போனது. “மறுபடியும் சேருவியா?” என்று கந்தவேல் கேட்டார்.

“பேசாம இருங்கப்பா,” என்றாள் தனப்பிரியா.

அந்த மாத இறுதியில் பாடத்தின் பக்கத்தில் இருந்த விவரம்: சேர்ந்தவர்கள் 1,18,406. சான்றிதழ் பெற்றவர்கள் 5,271.